ரீசெட்

ஒன்பது தடவை அமுக்கினேன் என்றாள் ஏகவல்லி.
சிவப்புப் பொத்தானை.
"அமுக்கினா எரியும்னு நீதான சொல்லிட்டுப் போன?"
சொன்னேன்தான்.
இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னேனா,
நினைவில்லை.

புரசைவாக்கத்தில் மூன்று மாடி மகப்பேறு மருத்துவமனை.
மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குள்
டீசலில் எரியும் வெந்நீர் பாய்லர்.
புயல் கரையேறாமல்
நாலு நாளாக ஊரை நனைத்துக்கொண்டிருந்தது.
கீழே ஏழு பச்சைக் குழந்தைகள்,
வரிசையில் காலி வாளிகள்.

ஒன்பது தடவை என்றால்
ஒன்பது தடவை பீச்சிய எண்ணெய்
எரியாமல் அடுப்பறைக்குள் தேங்கியிருக்கும்,
பத்தாவது பொறிக்காக.
அதை அவளிடம் சொல்லவில்லை.
"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா."

மெயினை அணைத்தேன். எண்ணெய் வால்வை மூடினேன்.
காற்று வரக் கதவுக்குச் செங்கல் வைத்தேன்.
பர்னரைக் கழற்றி
கிழிந்த வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றிப் பிழிந்ததில்
ஒரு டம்ளர் வந்தது.
ஒரு டம்ளர்தான்.
கொட்டகையைத் தூக்க அது போதும்.

ஃபோட்டோசெல்லில் கரி அப்பியிருந்தது.
தீயைப் பார்த்துச் சொல்ல வேண்டிய கண்.
தெரியாததைத் தெரியவில்லை என்றே சொல்லி
ஒன்பது தடவையும் அணைத்திருக்கிறது.

கீழிருந்து ரெஜினா சிஸ்டர் போனில்:
"வருமா வராதா?"
வரும்.
"எப்போ?"
தெரியல சிஸ்டர்.
பாய்லரின் கண்ணிடம் கற்றுக்கொண்ட பதில்.
அவருக்குப் பிடிக்கவில்லை.

கரி படிந்தால் புகை போகவில்லை என்று அர்த்தம்.
மழையோடு ஏணியில் ஏறி
புகைபோக்கியின் தொப்பியைத் திறந்தால்
காக்கைக் கூடு.
கோடையில் பாய்லர் தூங்கிய மாதங்களில் கட்டியது.
குஞ்சுகள் எப்போதோ பறந்திருந்தன.
சுள்ளி கொஞ்சம், மீதியெல்லாம் கம்பி:
ஹேங்கர், குடையின் இரண்டு விலா,
கேபிள் டிவி ஒயர்,
யாருடைய மூக்குக்கண்ணாடியின் காதோ,
நடுவில் மெத்தையாய்ச் சுருட்டிய
டிரிப்ஸ் குழாய்.

இறக்கி வைத்தேன். குழலைத் துலக்கினேன்.
நாஸிலை மாற்றினேன். கண்ணைத் துடைத்தேன்.
மூடப்போகும் முன்
சும்மா ஒரு பார்வைக்குத்தான்
பேனலைத் திறந்தேன்.

லிமிட் தெர்மோஸ்டாட்டின் இரண்டு முனைக்கும் பாலமாக
ஒரு துண்டு மஞ்சள் ஒயர்.
தண்ணீர் கொதித்துத் தொட்டி திமிறினாலும்
போதும் நிறுத்து என்று சொல்ல
ஆளில்லாதபடி.

எந்த மடையன்டா, என்று வாய் வந்துவிட்டது.
பிறகு முறுக்கைப் பார்த்தேன்.
இடப்பக்கமாக மூன்று சுற்று,
நுனி மடக்கி அமுக்கியது,
பல்லால் உரித்த உறை.
எங்கள் கம்பெனியில் இடக்கைக்காரன்
நான் ஒருவன்தான்.

போன கார்த்திகை. இரவு பதினொன்றரை.
கடை இல்லை, ஸ்பேர் இல்லை.
காலையில் வந்து மாத்திடறேன் என்றேன்.
அந்தக் காலை
அம்பத்தூரில் ஒரு கம்ப்ரஸராக,
பையனின் காய்ச்சலாக,
அப்புறம் மறதியாக விடிந்தது.
ஒரு வருடம் ஒன்றும் ஆகவில்லை.
எத்தனை முதல் குளியல்
இந்த முறுக்கில் தொங்கியதோ.

"யார் கட்டினது?" ஏகவல்லி எட்டிப் பார்த்தாள்.
கூட்டைக் கேட்கிறாள் என்று நினைத்து
காக்கா என்றேன்.
"அது தெரியாதா. இந்த மஞ்ச ஒயரு."
நான்தான்கா.
கொஞ்ச நேரம் மழை மட்டும் பேசியது.
"அப்ப இன்னிக்குக் காசு வாங்காத."

வாங்கவில்லை.
இன்று ராத்திரி கேஸ் அடுப்பில் காய்ச்சுங்கள் என்றேன்,
சிஸ்டர் திட்டினார், கேட்டுக்கொண்டேன்.
மறுநாள் முழங்கால் தண்ணீரில் பாரிமுனை போய்
புது தெர்மோஸ்டாட் வாங்கி வந்தேன்.

எரிகிறதா என்று பார்க்க அல்ல,
அணைகிறதா என்று பார்க்கப் பற்றவைத்தேன்.
திருகைக் குறைத்தேன்: அணைந்தது.
மறுபடி: அணைந்தது.
மூன்றாவது முறையும் அணைந்த பிறகுதான்
கீழே போகும் வால்வைத் திறந்தேன்.

ஏகவல்லி கூட்டிலிருந்து
விரலில் கரி தொட்டு
பொத்தானுக்கு மேலே தகரத்தில்
பெரிதாக 2 என்று எழுதினாள்.
கொஞ்சம் யோசித்து
அதன் கீழே
என் போன் நம்பரையும்.